இளங்கன்றும் வளைகோலும்
(பள்ளி ஹாக்கி அணிகளில் ஆடிய சிறுவர் சிறுமியரைப் பற்றிய ஒரு வரலாற்றுக் கட்டுரை)

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. சங்க நூல்நிலையத்தில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்த நம்மை நாடி, காலனியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் இல்லத்தரசியுடன் வந்தார். அவர்தம் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. வயது பன்னிரண்டு இன்னும் நிறையவில்லை. அவள் பயிலும் பள்ளியில், மேல்வகுப்பு மாணவியருக்கான ஹாக்கி அணியில் அவளையும் சேர்த்திருப்பதாக உடற்பயிற்சி ஆசிரியை சொல்லியனுப்பினாராம். நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மையாருக்கோ கண்களில் நீர் தளும்பியது.

“அண்ணா, நீங்களே சொல்லுங்கள். பதினோராம் வகுப்புப் பெண்கள் இவளைவிட ஒரு முழம் உயரம். அவர்கள் அடிக்கிற பந்து முகத்தில் பட்டால் யார் பதில் சொல்வது? இவள் படிப்புத்தான் என்ன ஆகும்? வேண்டாம் என்றால் இவர் கோபிக்கிறார், சரி என்றால் எனக்கு இரவில் உறக்கம் இல்லை” என்றார்.

அன்று நம்மிடம் விடை இல்லை. ரயில்வே மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்துப் பழகியவரேயன்றி, நாம் மட்டை பிடித்தவரல்லர். ஆயினும் அவ்வம்மையாரின் கேள்வி நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. சிறு பிள்ளைகளைப் பெரியவர் அணியில் இறக்குவது நன்றா, தீதா? நமக்கு முன் இந்நாட்டில் அவ்வாறு ஆடிய பிள்ளைகள் எவ்வாறு ஆயினர்? அலுவலகப் பணி முடிந்த வேளைகளில் சில மாதங்கள் படித்தும், மூத்த ஆட்டக்காரரிடம் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகின்றோம். இக்கேள்வியை ஆராய்வதற்கு நாம் குடியேறி வாழும் இந்த ராஞ்சி, ஹட்டியா வட்டாரத்தினும் தக்க இடம் வேறொன்று இருத்தல் அரிது என்பதும் இடையே விளங்கும்.

விளையாட்டு வந்த வழி

வளைகோல் பந்தாட்டம் எனத் தமிழில் வழங்கும் ஹாக்கி, ஆங்கிலேயப் படையினரால் இந்நாட்டிற்கு வந்தது. 1885-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் முதல் கழகம் தோன்றிற்று. அந்நகரின் பெய்ட்டன் கோப்பைப் போட்டி 1895-லும், பம்பாயின் ஆகாகான் கோப்பைப் போட்டி 1896-லும் தொடங்கின. இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு 1925-ல் குவாலியர் நகரில் அமைந்தது. மூன்றே ஆண்டுகளில், 1928-ல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களிலும் வென்று பொற்பதக்கம் கொணர்ந்தது. நம்மவர் அடித்த கோல் 29. நம் வலைக்குள் புகுந்த கோல் ஒன்றுகூட இல்லை.

அவ்வலையைக் காத்தவர் ரிச்சர்டு ஆலன். நாகபுரியில் பிறந்த அவர் பயின்ற பள்ளிகளுள் ஒன்று, முசூரி மலையடுத்த ஜாரிபானியில் உள்ள ஓக் குரோவ் பள்ளி. நம் போன்ற ரயில்வேக் குடும்பத்தார் அப்பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரலாம். ஏனெனில் அது 1888-ல் கிழக்கிந்திய ரயில்வே தன் ஊழியரின் பிள்ளைகளுக்காக நிறுவிய பள்ளி. இன்றும் ரயில்வேயின் பொறுப்பிலேயே நடந்துவருவது. 1928-ஆம் ஆண்டின் அணியில் பாதிக்கு மேற்பட்டோர் ஆங்கிலோ இந்தியர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அச்சமூகத்துப் பிள்ளைகள் பலர் ரயில்வே ஊர்களில் பிறந்து, மலைநாட்டு விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள்.

விடுதிப் பள்ளிகளில் சிறுவர்கள் பெரியவர் அணிக்குள் நுழைந்தது எவ்வாறு என்பதை ஊகித்தல் கடினமன்று. அணிக்குப் பதினொருவர் வேண்டும். மேல்வகுப்பில் பிள்ளைகள் சிலரே இருப்பின், கீழ்வகுப்பினின்று கால் விரைந்த ஒரு சிறுவனை எடுத்தே தீரவேண்டும். அவன் நாள்தோறும் மூத்த மாணவருடன் உண்டு, உறங்கி, ஒரே மைதானத்தில் ஓடியவன். அவர்கள் ஆடுவதைக் கண்ணால் கண்டே பாதி கற்றவன். ஆட்டத்தில் அவன் விழுந்தால் தூக்கி விடுபவனும், அவனை மிதித்தவனை அதட்டுபவனும் அதே விடுதியில் அடுத்த கட்டிலில் உறங்கும் அண்ணன்மாரே. சிறுவனை அணியில் சேர்ப்பதற்கும், சிறுவனைக் காப்பதற்கும் அங்கே ஒரே ஏற்பாடு இருந்தது. இதனை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

டக்ரா சிற்றூரின் சிறுவன்

1928-ஆம் ஆண்டின் அணிக்குத் தலைவர் யார்? நம் ராஞ்சியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிப் பயணத்தில் உள்ள கூண்டிப் பகுதியைச் சேர்ந்த டக்ரா என்னும் முண்டா சிற்றூரில் பிறந்த ஜெய்பால் சிங். மாடு மேய்த்துத் திரிந்த அச்சிறுவன் ராஞ்சி செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்க்கப்பெற்றான். அப்பள்ளித் தலைவராயிருந்த காஸ்கிரேவ் பாதிரியார் அவனது அறிவும் ஆட்டமும் கண்டு வியந்து, இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பயின்று, அப்பல்கலைக்கழக ஹாக்கி அணியில் இடம்பெற்று, ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வான அவர், ஒலிம்பிக் ஆட்டத்துக்காக அப்பணியின் பயிற்சியையே கைவிட்டார். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து பழங்குடி மக்களின் உரிமைக்காக முழங்கியவரும் அவரே.

ஜெய்பால் சிங்கின் வரலாற்றில் நாம் காணவேண்டுவது பதக்கத்தை மட்டுமன்று. அவரது பள்ளி மட்டையை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் கொடுத்தது. மட்டையை மட்டும் கொடுத்திருப்பின், கோப்பை வென்ற சிறுவனாக நின்றிருப்பார். நாடாளும் மன்றத்தில் எழுந்து பேசியவராக ஆகியிரார்.

மூங்கில் கோலும் ஆட்டுக்கிடாவும்

ஊருக்குச் செல்ல நாம் வண்டி ஏறினால், அது ஹட்டியாவை விட்டுத் தெற்கே ரூர்கேலாவை நோக்கிக் காடும் குன்றும் கடந்து செல்கிறது. பானோ நிலையத்தை அண்டிய பகுதி சிம்டேகா மாவட்டத்தைச் சேர்ந்தது. அறுவடை முடிந்த காலத்தில் சன்னல் வழியே நோக்கின், வயல்வெளியில் பிள்ளைகள் வளைந்த மூங்கில் கோல்களுடன் ஓடுவதைக் காணலாம். அவர்களுள் பலருக்குக் காலில் செருப்பும் இராது. வேர்க்கட்டையைச் செதுக்கிய பந்தும் உண்டு.

இப்பகுதிச் சிற்றூர்களில் நடக்கும் போட்டிகளுக்குக் கோப்பை பரிசன்று. வெல்லும் அணிக்குக் ‘கஸ்ஸி’ எனப்படும் வெள்ளாட்டுக் கிடா. தோற்ற அணிக்கு அதனினும் சிறிய ஆடோ, கோழியோ. ஆட்டம் முடிந்ததும் ஊர் கூடிச் சமைத்து உண்ணும். அத்தகைய ஆட்டத்தில் பதினான்கு வயதுப் பிரிவு, பதினேழு வயதுப் பிரிவு என்பன எல்லாம் இல்லை. தந்தையும் மகனும், அக்காளும் தங்கையும் ஒரே திடலில் நிற்பர். பத்து வயதுப் பிள்ளைக்கு எதிரே முப்பது வயது மாமன் நிற்பான். மேடு பள்ளமான தரையில் பந்து எந்தப் பக்கம் குதிக்கும் என்று அறிந்து, மணிக்கட்டை நொடியில் திருப்பி அதனை அடக்கும் வித்தை அங்கேதான் இளமையிலேயே படிகிறது. வளர்ந்த பின் எத்துணைப் பெரிய பயிற்சியாளர் வந்தாலும் அதனை எளிதில் கற்பித்துவிட முடியாது என்பது ஆட்டக்காரர் வழக்கு.

இம்மண் தந்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலமும், 1975-ல் உலகக்கோப்பையும் வென்ற அணிகளில் ஆடிய மைக்கேல் கிண்டோ. 1980 மாஸ்கோ பொற்பதக்க அணியின் சில்வானுஸ் டுங்டுங். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் பெண்கள் அணி பொன் வென்றபோது அதில் ஆடிய சுமராய் டெட்டே. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அசுந்தா லக்ரா. எல்லை தாண்டி ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திற்குள் சென்றால், நானூறு ஆட்டங்களுக்கு மேல் இந்தியாவுக்காக நின்ற திலீப் டிர்க்கி.

இவர்கள் யாவரும் வயல்வெளியிலிருந்து நேரே வெளிநாட்டு விமானம் ஏறினாரல்லர். இடையே ஒரு படி இருந்தது. அப்படி, பள்ளியும் பள்ளியோடு இணைந்த விளையாட்டு விடுதியுமே ஆகும். நம் ராஞ்சியின் பரியாத்துப் பெண்கள் ஹாக்கி மையத்தை வழியில் போகும்போது பலரும் பார்த்திருப்பீர்கள். கூண்டி மாவட்டத்து ஹேசல் என்னும் சிற்றூரிலிருந்து அங்கு வந்து பயின்றவர் நிக்கி பிரதான். ஜார்க்கண்டிலிருந்து ஒலிம்பிக்கில் ஆடிய முதல் பெண் ஹாக்கி வீராங்கனை அவரே, ஆண்டு 2016. சிம்டேகா விடுதியில் சிறுமியாகச் சேர்ந்த சலிமா டெட்டே, 2018-ல் இளையோர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணிக்குத் தலைவி. 2024-ல் இந்தியப் பெண்கள் அணிக்கே தலைவியானார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவை வென்று, இறுதியில் நான்காம் இடம் பெற்றபோது, இவ்விருவரும் அவ்வணியில் இருந்தனர்.

இத்தகைய விடுதிகளில் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமியர் பதினாறு வயதுப் பெண்களுடன் பயில்வது அன்றாடக் காட்சி. அங்கு வேளைக்கு உணவு உண்டு, படிப்பு உண்டு, பக்கத்தில் அக்காள் உண்டு. மலைப்பள்ளியில் கண்ட அதே ஏற்பாடு இங்கும் இருத்தலைக் காண்க.

அரை லிட்டர் பால்

மிக இளம் வயதில் பெரியவர் அணியில் ஆடியோரைப் பற்றிப் பேசுங்கால் ஹரியானாவின் ராணி ராம்பாலை விட்டுச் செல்லல் இயலாது. ஷாஹாபாத் மார்க்கண்டா என்னும் ஊரில் வண்டி இழுத்துப் பிழைத்த தந்தைக்கு மகளாக 1994-ல் பிறந்தார். அவ்வூரில் சிறுமியருக்குப் பயிற்சி அளித்துவந்தவர் பல்தேவ் சிங். ராணி முதலில் சென்று நின்றபோது, உடலில் வலுவில்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். உடைந்த மட்டை ஒன்றைக் கண்டெடுத்து அச்சிறுமி தானே பழகினாள். விடாமல் சென்று கேட்டாள். பின்னரே இடம் கிடைத்தது.

அப்பயிற்சியில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து அங்கேயே அருந்த வேண்டும். ராணியின் வீட்டாரால் வாங்க முடிந்தது இருநூறு மில்லி லிட்டரே. மீதிக்குத் தண்ணீர் கலந்து எடுத்துச் சென்றதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். வீட்டில் கடிகாரம் இல்லாமையால், விடியற்காலைப் பயிற்சிக்கு மகளை எழுப்ப வேண்டித் தாய் வானத்தைப் பார்த்தபடி விழித்திருப்பாராம். பின்னர் அப்பயிற்சியாளரே மட்டையும் காலணியும் வாங்கிக்கொடுத்து, உணவையும் கவனித்துக்கொண்டார்.

பதினான்கு வயதில் ராணி இந்திய அணியில் இடம்பெற்றார். 2010-ல் அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரில் நடந்த உலகக்கோப்பையில், பதினைந்து வயதில், ஏழு கோல்கள் அடித்துச் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். இந்தியப் பெண்கள் 1980-க்குப் பின் 36 ஆண்டுகள் ஒலிம்பிக்கில் கால்வைக்கவில்லை. 2016-ல் மீண்டும் சென்ற அணியில் ராணி இருந்தார். டோக்கியோவில் நான்காம் இடம் பெற்ற அணியின் தலைவியும் அவரே.

இளமையில் பெரியவருடன் ஆடியதனால் ராணி கெட்டுவிட்டாரா என்று கேட்பின், இல்லை. ஆயின் அவரைக் காத்தவை எவை? வலுவில்லை என்று முதலில் தடுத்த பயிற்சியாளரின் நேர்மை, பால் அளவிலும் கண் வைத்த கண்டிப்பு, உறங்காத தாய். திறமை மட்டும் போதும் என்று எவரும் இருந்துவிடவில்லை.

கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பம்

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மிக நெருங்கிய வரலாறு ஒன்றும் உண்டு. புனே நகரை அடுத்த கட்கியில் படைக்கலத் தொழிற்சாலைக் காலனி. அங்கே மைதானத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்த தமிழர் ஒருவர் வீட்டில் 1968-ல் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. ஆண்பிள்ளைகள் ஐவர். எல்லோரையும் ஹாக்கி ஆடத் தூண்டியவர் அன்னையார். புதிய மட்டை வாங்க வசதியில்லை. பெரியவர்கள் உடைத்துப் போட்ட மட்டைகளைக் கயிறு சுற்றி ஒட்டவைத்துப் பிள்ளைகள் ஆடினர். அண்ணன்மார் ஆடும் திடலில் சிறுவனாக ஓடியவர் தன்ராஜ். அவர்தம் அண்ணன் ரமேஷும் பம்பாய்க் கழகங்களில் ஆடியவர்.

அச்சிறுவன் பின்னாளில் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும், நான்கு உலகக்கோப்பைகளிலும் ஆடினார். 1998-ல் பாங்காக்கில், 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசியப் போட்டியில் ஹாக்கிப் பொன் வென்ற இந்திய அணிக்கு அவரே தலைவர். அவருடைய வாழ்க்கை வரலாறு 2007-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது; ‘அம்மா, என்னை மன்னித்துவிடு’ என்று பொருள்படும் அதன் தலைப்பிலும் ‘அம்மா’ என்ற தமிழ்ச்சொல் அப்படியே நிற்கிறது.

நம் காலனியைப் போன்றதொரு காலனிதான் அது. நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து, வேற்று மொழி பேசுவோரிடையே பிள்ளை வளர்த்த பெற்றோர்தாம் அவர்கள். ஆகவே ‘இதெல்லாம் நமக்கு எதற்கு, நாம் படிப்பை நம்பிப் பிழைக்க வந்தவர்கள்’ என்று சொல்லுவோர், கட்கியை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

மறுபக்கம்

நிற்க. இதுவரை கூறியவை வெற்றி பெற்றோர் வரலாறு. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். நாம் அவ்வாறு நிறுத்தின் அவ்வம்மையாருக்கு உண்மை கூறியவராக மாட்டோம்.

நாம் பள்ளியில் பயின்ற காலத்தில், நம் பெஞ்சிலேயே அமர்ந்த தோழன் ஒருவன் இருந்தான். எட்டாம் வகுப்பு. உருவம் சிறிது, ஓட்டம் மின்னல். பள்ளியின் பெரிய அணியில் இடப்புற ஓரத்தில் ஆட ஒருவன் குறைந்தபோது அவனைச் சேர்த்தனர். முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவன் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து பந்தைக் கடத்திச் சென்ற அழகைக் கண்டு பள்ளியே ஆர்ப்பரித்தது. கை வலிக்கத் தட்டியவருள் நாமும் இருந்தோம்.

மூன்றாம் ஆட்டத்தில் எதிரணியினர் பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று தாளில் எழுதியிருந்தது. அவர்களுள் சிலருக்கு மீசை அடர்ந்திருந்தது. நம் தோழனின் கால் அளவுக்குக் கால்காப்பு பள்ளியில் இல்லை. பழைய நாளிதழை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்கினான். ஹாக்கிப் பந்து 150 கிராமுக்கு மேற்பட்ட கெட்டிப் பந்து. அது முழங்காலுக்குக் கீழே வந்து தாக்கிற்று. எலும்பு முறிந்தது. அவ்வாண்டுத் தேர்வு எழுதாமலே போயிற்று. மறு ஆண்டு நமக்குக் கீழ் வகுப்பில் அமர வெட்கப்பட்டு, பள்ளியையே விட்டுவிட்டான். கோப்பை அலமாரியில் இருந்தது. அவன் வீட்டுக்குச் சென்று ஒருமுறையேனும் விசாரித்தவர் பள்ளியில் எவரும் இல்லை. கைதட்டிய நாமும் செல்லவில்லை. முப்பது ஆண்டுகள் ஆகியும் அக்குற்றம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

வயதைக் குறைத்து எழுதும் தீமை இன்றும் பள்ளி விளையாட்டை விட்டு நீங்கவில்லை. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954-ல் தோன்றியது; அதன் போட்டிகள் பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவாக நடைபெற்றுவந்தன. இப்பிரிவுகள் ஏற்பட்டதே சிறுவனைப் பெரியவனிடமிருந்து காப்பதற்காக. ஆனால் பிறப்புச் சான்றிதழைத் திருத்திப் பெரியவனைச் சிறுவனாக்கி இறக்கினால், காவலே வேலியைத் தின்றதாகிறது. இதனால் மணிக்கட்டை எக்ஸ்ரே படமெடுத்து வயதை மதிப்பிடும் முறை போட்டிகளில் வந்துள்ளது. வளரும் பிள்ளையின் எலும்பு முனையில் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. வளர்ச்சி முடியும் பருவத்தில்தான் அது இறுகி எலும்போடு ஒன்றாகும். படத்தில் அவ்வடுக்கு தெரிந்தால் பிள்ளை இன்னும் வளர்கிறது என்று பொருள்.

அதே படம் பெற்றோருக்கு மற்றொரு பாடமும் கூறுகிறது. அக்குருத்தெலும்பு அடுக்கில் அடிபட்டாலும், ஓய்வின்றி நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றினாலும், எலும்பின் வளர்ச்சியே கோணக்கூடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை திறமையில் பதினாறு வயதினரை ஒத்திருக்கலாம். எலும்பு பன்னிரண்டு வயதுதான்.

பதினாறுக்குப் பின் தொடங்கியவர்

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். ‘இப்போதே சேர்க்காவிட்டால் வாய்ப்புப் போய்விடும்’ என்று அஞ்சும் தந்தையர் பலர். அவர்களுக்கு விடையாக ஒரே ஒரு பெயரைச் சொல்லலாம்: தியான் சந்த். உலகம் வியந்த அம்மாவீரர், பதினாறு வயதில் படையில் சேரும் முன்பு தாம் ஹாக்கி ஆடியதாகச் சொல்லத்தக்கது ஏதுமில்லை என்று தம் சுயசரிதையில் குறித்துள்ளார். தந்தை படையினர், அடிக்கடி ஊர் மாற்றம், படிப்பும் ஆறாம் வகுப்போடு நின்றது. அப்படியிருந்தும் 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா அடித்த 29 கோல்களுள் 14 அவருடையவை. இரவில் நிலவொளியிலும் பயின்றார் என்பர். ஆகவே இளமையில் தொடங்குதல் நன்று. ஆயின் ஓர் ஆண்டு பொறுத்தால் உலகம் முடிந்துவிடாது. அவசரம் பெரும்பாலும் கோப்பை வேண்டுவோருக்கே, பிள்ளைக்கு அன்று.

வரலாறு கூறும் விடை

இவ்வளவும் ஆராய்ந்த பின் நாம் தெளிந்தது இதுவே. சிறு பிள்ளை பெரியவர் அணியில் ஆடுவது புதிதன்று, தீதும் அன்று. மலைப்பள்ளியிலும், முண்டா, ஒராவோன் சிற்றூர்களிலும், கட்கிக் காலனியிலும் அவ்வாறு ஆடியே வளர்ந்தனர். ஆனால் அவ்விடங்கள் எல்லாவற்றிலும் அச்சிறு பிள்ளைக்கு என்று பொறுப்பேற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அண்ணனாகவோ, அக்காளாகவோ, பயிற்சியாளராகவோ, தாயாகவோ இருந்தார். அத்தகையவர் இல்லாத இடத்தில், ஆள் குறைவை நிரப்பவே பிள்ளை பயன்பட்டது; அடிபட்டபின் அதன் பெயரும் மறைந்தது. எனவே ‘என் மகள் ஆடலாமா?’ என்பதைக் காட்டிலும், ‘என் மகளுக்கு அங்கே யார் பொறுப்பு?’ என்று கேட்பதே சரியான கேள்வி.

இதனை அம்மையாரிடம் கூறினோம். அவர் சும்மா இருக்கவில்லை. மறுவாரமே பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் நான்கு கேள்விகள் கேட்டார். பிறந்த தேதியை உள்ளபடியே எழுதுவீர்களா? அவள் அளவுக்குக் கால்காப்பும் பல்காப்பும் உண்டா? தேர்வுக்கு முந்தைய மாதம் பயிற்சியினின்று விடுவிப்பீர்களா? ஆட்டத்தின்போது அவளைக் கவனிப்பவர் யார்?

முதல் மூன்று கேள்விகளுக்கும் ஆசிரியை விடை கூறினார். கால்காப்பு மட்டும் சிறிய அளவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். நான்காம் கேள்விக்கு, அருகே நின்ற அணித்தலைவி விடை கூறினாளாம். சிம்டேகாப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து பயிலும் பெண் அவள். “என் தங்கையும் இவ்வளவு உயரம்தான், அம்மா. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாளாம். கால்காப்பை நண்பர் கடைத்தெருவில் தேடி வாங்கிவந்தார்.

அச்சிறுமி இவ்வாண்டு இரண்டு ஆட்டங்களில் இறங்கினாள். எதிரணியினர் மிகப் பெரியவராயிருந்த மூன்றாம் ஆட்டத்தில் அணித்தலைவியே அவளை வெளியே அமரச் செய்தாள். சிறுமி அழுதாள், தாய் மகிழ்ந்தார். கணக்கில் மதிப்பெண் சற்றே குறைந்தது. அதுபற்றி வீட்டில் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவள் எதிர்காலம் எவ்வாறாகும் என்று நாம் ஆரூடம் கூறவில்லை. அவள் பன்னிரண்டு வயதுக் குழந்தை; அவ்வளவே.

முடிப்பதற்கு முன் நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்குக் கோப்பையும் கேடயமும் வழங்குகிறோம், நன்று. இவ்வாண்டு அச்செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, சிறு பிள்ளைகள் அளவில் பத்து இணைக் கால்காப்புகள் வாங்கிச் சங்க அலமாரியில் வைப்போமாக. காலனிப் பிள்ளைகளும், அவர்களோடு ஆடும் அக்கம்பக்கத்து ஊர்ப்பிள்ளைகளும் எடுத்துச் சென்று ஆடித் திரும்பக் கொடுக்கட்டும். மாலை ஆறு மணிக்கு மைதானத்தின் ஓரத்தில், நம்முள் யாரேனும் ஒருவர் முறைவைத்து நிற்போமாக. ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பிள்ளை கீழே விழுந்தால் அதன் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

அன்பர்கள் சிந்திப்பார்களாக.